முத்திரை தெரிகிறது, எழுத்துதான் இல்லை

கலை அறிவியல் கல்லூரிகளின் மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை வாட்ஸ்அப் குழுவில் பருவத்தேர்வுக்கான பாடக்குறிப்பு வந்தது. 64 பக்கம், பி.டி.எஃப். எப்படித் தயாராகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, பிறகு கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். முத்திரை பளிச்சென்று இருக்கிறது. பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கோ அந்த 64 பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை, எல்லாமே படம்.

கேட்பது ஒன்றுதான். தட்டச்சு செய்த அந்த வேர்டு கோப்பையே அனுப்புங்கள், யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் எழுத்துக் குறியீட்டில்.

யூனிகோடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத்தான் தமிழ். கோப்புக்குள் அது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அந்த எழுத்துகளைத்தான் படிக்கும். ஒரு செய்யுள் முழுக்க இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். மாற்றித் தர என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் கோப்பு முழுவதையும் அப்படியே அள்ளிப் போட்டால் நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று எண்ணி உளறலாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்பும் பார்க்க வேண்டும்.

கோப்பு சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு பத்தியைத் தேர்வுசெய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகள் கொட்டினால் பழைய எழுத்துரு. தேர்வு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம்.

பழைய நூலை ஸ்கேன் செய்துதான் ஆக வேண்டும் என்றால் 300 டிபிஐ-யில், நூலை நன்றாக விரித்து, ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக எடுங்கள். நடுமடிப்பின் நிழலும் பேனா அடிக்கோடும், படத்திலுள்ளதை எழுத்தாக்கும் ஓசிஆரைக் கெடுக்கும். எழுத்தாக்கிய பிறகும் கால் ‘ா’ ‘ர’ ஆகியிருக்கும், ‘ண’ ‘ன’ ஆகியிருக்கும். மனிதர் ஒருவர் படித்துத் திருத்தாமல் அதைக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று தயங்க வேண்டாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவுக்கு நூலை மாற்ற இடம் தருகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உயர்கல்வியில் 5 சதவீத இடம் ஒதுக்குகிறீர்கள். தேர்வறையில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஸ்கிரைப். எல்லாம் சரி. படிக்கவே கிடைக்காததை எழுதுவதற்கு எதற்கு ஐயா கூடுதல் நேரம்? டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் வந்தால் மேடை, பொன்னாடை, புகைப்படம். அந்த விழா அழைப்பிதழும் படமாகத்தான் வருகிறது. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு நீங்கள் அனுப்பும் யூடியூப் பாடங்களில் வசனவரி இல்லாததைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு மடல் ஆகும்.

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது. பணிவாகவே கேட்கிறோம்: வேர்டு கோப்பு, யூனிகோடு, அதுவும் மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் அதே நாளில். கையெழுத்தும் முத்திரையும் அவசியம் என்றால் முதல் பக்கத்தை மட்டும் தனியே படமெடுத்து அனுப்பிக்கொள்ளுங்கள்.

அந்த 64 பக்கத்தின் மூலக்கோப்பு இப்போதும் துறைக் கணினியில்தான் இருக்கும். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
பாடநூல்களை எழுத்துக்கோப்பாக்கித் தரும் தன்னார்வலர்கள்