முன்மண்டப மேல்தளத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

முன்மண்டபத்தின் மேல்தள வேலை முடிந்துவிட்டது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரித்தாயிற்று. தளத்தின் மேல் பாத்தி கட்டி மூன்று நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம். வரவு செலவுக் கணக்கு தனித் தாளாக உங்களுக்கு வரும், அதை இங்கே எடுக்கவில்லை.

வேலை நடக்கும்போது உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. ஒரே நாளில் முடிய வேண்டிய கான்கிரீட்டை ஏன் இரண்டு தவணையாகப் போட்டீர்கள்? தளத்தின் அடியில் நடுவே குறுக்காக ஒரு கோடு தெரிகிறதே, அது விரிசலா? இரண்டுக்கும் காரணம் மழைதான். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம்.

மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்கலாமே என்று சிலர் சொன்னது நியாயமான பேச்சு. ஆனால் பழைய தளத்தை இடித்ததும் சுவர்களின் தலை திறந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கட்டுமானத்துக்குள் இறங்கியது. சென்ட்ரிங் பலகைகள் ஊறி நெளிய ஆரம்பித்தன. கட்டிய கம்பியில் துரு ஏறியது. மெல்லிய துரு கான்கிரீட்டைக் கெடுக்காது, ஆனால் செதிலாக உதிரும் அளவுக்குப் போனால் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாக வேண்டும். ஆகவே மழையோடு மல்லுக்கட்டியாவது போட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

மண்டபம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நடுவில் தூண் கிடையாது. 4 மீட்டருக்கு ஒரு உத்தரம், ஆக மூன்று கட்டம். தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். முந்தின ராத்திரி நல்ல மழை. விடியற்காலையில் மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்தபோது இரண்டு முட்டுகள் சற்றே இறங்கியிருந்தன. அடியில் பலகை போட்டிருந்தும், ஈர மண் அமுங்கிவிட்டது. ஆப்பு அடித்துத் தூக்கி மட்டம் சரி செய்தோம். உத்தரப் பெட்டிகளின் அடியில் தேங்கிய தண்ணீரை மக்கால் அள்ளி, மிச்சத்தைச் சாக்கால் ஒற்றி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தை வீண் என்று நினைத்தவர்கள் உண்டு. தேங்கிய தண்ணீரின் மேல் கான்கிரீட்டைக் கொட்டினால் அடியில் சிமெண்ட் கரைந்து, சென்ட்ரிங் பிரிக்கும்போது தேன்கூடு மாதிரி ஜல்லி இளித்துக்கொண்டு நிற்கும்.

மழையில் கான்கிரீட் போடுவது என்றாலே வானத்திலிருந்து விழும் தண்ணீர்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எங்களை அதிகம் படுத்தியது மணலுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர். நம் கலவையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 90 கிலோ மணல். நனைந்த மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் நாலரை லிட்டர் தண்ணீர் மணலோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். அதைக் கழிக்காமல் வழக்கமான 25 லிட்டரை ஊற்றினால் மூட்டைக்கு முப்பது லிட்டரை நெருங்கிவிடுகிறது. வேலை செய்ய வழவழவென்று சுகமாகத்தான் இருக்கும், வலிமை போய்விடும். இன்னொரு வம்பும் உண்டு. ஈர மணல் உப்பும். அதே பெட்டியில் அளந்தால் மணல் குறைவாகத்தான் விழும். அதனால் பெட்டி அளவை விட்டுவிட்டு, எடை போட்டே கலந்தோம். மணல் குவியலை இரண்டு நாள் முன்னதாகவே தார்ப்பாயால் மூடியிருந்தும், அடியில் எடுத்த மணல் மேலே எடுத்ததைவிட ஈரமாகவே வந்தது.

கலவையைச் சோதிக்க ஒரு கூம்பு வைத்திருந்தோம், 30 சென்டிமீட்டர் உயரம். நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெல்லத் தூக்கினால் கலவை எவ்வளவு உட்காருகிறது என்று பார்ப்பது. 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை உட்கார்ந்தால் நமக்குச் சரி. ஒன்பது மணிக்கு எடுத்த கலவை கூம்பைத் தூக்கியதும் உருவமே இல்லாமல் தகட்டில் பரவி, விளிம்பில் பால் போல் தண்ணீர் கசிந்து நின்றது. பொறியாளர் வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும் ஆட்டினார். அந்தக் கலவை வடிகாலின் அடித்தளத்துக்குப் போனது. ஒரு கலவையை இப்படித் தள்ளியதற்குக் குழுவுக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பதினொரு மணிக்கு மேல் தூறல் கனத்தது. தூறலில் போடலாம், கொட்டும் மழையில் கூடாது. புதுக் கான்கிரீட்டின் மேல் கனமழை விழுந்தால் மேல்பரப்பின் சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். வேலையை எங்கே நிறுத்துவது என்பதை அவசரத்தில் தீர்மானிக்கவில்லை. முதல் நாளே பொறியாளர் நடுக் கட்டத்தின் சரிபாதியில், கம்பி நுழையப் பள்ளம் வெட்டிய தடுப்புப் பலகையைத் தயாராக வைத்திருந்தார். இரண்டு உத்தரங்களுக்கு நடுவே, தாங்கலுக்குத் தள்ளி இருக்கும் அந்த இடத்தில் வெட்டு விசை, அதாவது தளத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை, மிகக் குறைவு. இணைப்பு வைக்க அதுதான் இடம். உத்தரத்தை ஒட்டி நிறுத்துவது பெரிய தப்பு. பலகை வரைக்கும் கொண்டுபோய், வைப்ரேட்டர் (கலவையை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் கருவி) போட்டு, நேர்க்குத்தாக முடித்தோம்.

மேலே மூங்கில் சட்டம் கட்டி, கான்கிரீட்டில் படாமல், தண்ணீர் தளத்துக்கு வெளியே ஓடும்படி சரிவாகத் தார்ப்பாய் இழுத்தோம். நாற்பது நிமிடம் அடித்து ஊற்றியது. கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்குக் கான்கிரீட் இறுகும்வரை, அதாவது சாயங்காலம் வரைக்கும், நாலு பேர் தார்ப்பாயின் தொய்வைக் கம்பால் முட்டித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நின்றார்கள்.

இதில் ஒரு குறை நடந்தது, மறைக்க விரும்பவில்லை. வடமேற்கு மூலையில் காற்றுக்குக் கயிறு அவிழ்ந்து, ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் ஒழுகியது. ஜல்லி வெளியே தெரிந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் கொத்தனார் ஒருவர் இரண்டு கை காய்ந்த சிமெண்டைத் தூவி, கரணையால் மழமழவென்று தேய்த்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தூவிய சிமெண்ட் மேலே தனித் தோலாக நிற்குமே தவிர, கீழே உள்ளதோடு ஒட்டாது. மூன்றாம் நாள் ஆணியால் கீறினால் மாவாக வந்தது. சுத்தியால் தட்டினால் பொள்ளல் சத்தம். கெட்டி கிடைக்கும்வரை, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், கொத்தி எடுத்துவிட்டுப் பிறகு மேல்பூச்சோடு சேர்த்து நிரப்பினோம். இந்தச் செலவை ஒப்பந்தக்காரரே ஏற்றுக்கொண்டார்.

நான்காம் நாள் வானம் வெளிறியது. தடுப்புப் பலகையை எடுத்து, முகத்தில் படிந்த பால் ஏட்டை, அதாவது வலுவில்லாத சிமெண்ட் படலத்தை, உளியால் கொத்தி ஜல்லி தெரியவிட்டோம். கழுவி, ஈரம் மட்டும் இருக்க, தேங்கல் இல்லாமல் துடைத்துவிட்டு மிச்சப் பாதியைப் போட்டோம். அது மாலை மூன்று மணிக்கே முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், மழைதான் பெய்கிறதே, தளத்துக்குத் தனியாகத் தண்ணீர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: மழை நம் வசதிக்குப் பெய்வதில்லை. இடையில் இரண்டு நாள் வெயிலும் காற்றுமாக அடித்தது. பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தினோம். உத்தரங்கள் 6 மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் முட்டுகளை, இரண்டாம் தவணை நாளிலிருந்து எண்ணி, 21 நாள் தொடவில்லை. ஒவ்வொரு தவணையிலும் அந்தக் கலவையிலேயே 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டி (க்யூப்) ஆறு எடுத்து, மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் நசுக்கிப் பார்த்தோம். நமக்குத் தேவை சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். 28 நாள் சோதனையில் இரண்டு தவணையும் அதைத் தாண்டிவிட்டன. சோதனைத் தாள்கள் அலுவலகக் கோப்பில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இனி அந்தக் கோடு. இரண்டு தவணையும் சேரும் இணைப்பு அது. வெவ்வேறு நாள் கலவை, வெவ்வேறு ஈரம். நிறம் கொஞ்சம் மாறித் தெரிகிறது. கம்பி அந்த இடத்தில் அறுபடாமல் குறுக்கே ஓடுகிறது. விரிசல் விடுகிறதா என்று அறிய, கோட்டின் மேல் மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டு வைத்துத் தேதி எழுதியிருக்கிறோம். இன்றுவரை மூன்றும் முழுசாகவே இருக்கின்றன. அடுத்த மழைக்காலம் முடியும்வரை அவற்றை யாரும் சுரண்டவோ, வெள்ளையடிக்கும்போது மூடவோ வேண்டாம்.

தார்ப்பாய்கள் நான்கையும் காயவைத்து மடித்துச் சாமான் அறையில் வைத்திருக்கிறோம். ஒன்றில் மூலை கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும்.

திருப்பணிக் குழு