ஓடாத ‘ரன்’

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அறிக்கையை அனுப்புவதற்கு முன் ‘ரன் இட் பை மீ’ என்று உன் மேலதிகாரி சொன்னாராம், நீ திருதிருவென்று விழித்தாயாம். ‘முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்’ என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘ரன் வித் இட்’ என்றாரானால் ‘சரி, அப்படியே செய்’ என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

நீ விழித்ததில் ஆச்சரியமே இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள் கண்டிருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989-இல் வந்த 20 தொகுதிப் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது. அப்புறம் ‘ரன்’ முந்திக்கொண்டது. கடிகாரம், ரயில், கணினி நிரல் என்று எது வந்தாலும் இந்தச் சொல்தான் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. நம் ‘ஓடு’ம் லேசுப்பட்டதில்லை. படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, கவலை வந்தால் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது.

அதனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதே. பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்லைப் பார். அதைவிட, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார். ‘டவுன்’ ஒன்றையே எடுத்துக்கொள். ‘கிவ் மீ எ ரன்டவுன்’ என்றால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல் என்று பொருள். ‘ரன்-டவுன்’ கட்டடம் என்றால் கவனிப்பாரற்றுச் சீரழிந்தது. ‘ஹீ ரன்ஸ் மீ டவுன்’ என்றால் அவன் என்னை மட்டம் தட்டிப் பேசுகிறான். இதே ‘ரன் டவுன்’ கார் மோதியதைச் சொல்லவும் வரும். சேர்த்து எழுதினால் பெயர்ச்சொல், நடுவே கோடு போட்டால் பெரும்பாலும் பெயரடை, பிரித்து எழுதினால் வினை. பேச்சில் இந்தக் கோடெல்லாம் காதில் விழாது, சொல் வாக்கியத்தில் எங்கே வருகிறது என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

‘ரன் அவுட்’ உனக்குக் கிரிக்கெட்டில் பழக்கம். வெளியே அது கையிருப்பு தீர்ந்துபோவது. ‘ரன் ஓவர்’ மனிதர்மேல் வண்டி ஏறுவதும்தான், கூட்டம் நேரம் தாண்டிப் போவதும்தான். ‘ட்ரை ரன்’ ஒத்திகை.

‘ரன்னர்-அப்’ கதை எனக்குப் பிடிக்கும். முயலைத் துரத்தும் வேட்டைநாய்ப் போட்டியில், கடைசிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய்க்கு வைத்த பெயர் அது. இன்று அழகிப் போட்டியில் இரண்டாவதாக வருபவருக்கும் அதே பட்டம்!

தேர்தல் என்றால் அமெரிக்கர் ‘ரன்’ பண்ணுவார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். நாமும் நிற்கிற கட்சிதான்.

உனக்கு மூக்கு ஒழுகுகிறது என்று அம்மா சொன்னாள். அதற்கும் ‘ரன்’தான், மருத்துவரிடம் ‘ரன்னி நோஸ்’ என்று சொல். இராத்திரி கண்விழிக்காதே.

அன்புடன்,
அப்பா