டிரம்மர்மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ராக் கச்சேரி விமரிசனத்தில், "எழுபதைத் தாண்டிய டிரம்மருக்குக் கை ஓடவில்லை, தாளம் பிந்தியே வந்தது" என்ற வரியைப் படித்து மிகவும் வருந்தினேன். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்று, பெரிய திரையில் பார்த்ததாக விமரிசகரே எழுதியிருக்கிறார். பெங்களூரு மாலைக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் போகும். அவர் காதுக்குச் சத்தம் வந்து சேரவே 0.3 விநாடி ஆகும். கேமராவிலிருந்து திரைக்குப் படம் போகவும் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றாலும் அது இந்த இடைவெளியை ஈடுகட்டாது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கே அரை விநாடிதான். அங்கே நின்றால் இருபது வயதுப் பையன் வாசித்தாலும் பிந்தித்தான் தெரியும்.

மைதானத்தின் நடுவே நிறுத்தும் ஸ்பீக்கர் கோபுரங்களின் ஒலியையும், மேடைச் சத்தத்தோடு சேரும்படி கணக்குப் போட்டுத் தாமதப்படுத்துவார்கள். அந்தக் கணக்கு பிசகினால் ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும். கட்டுரையில் சொன்ன "எதிரொலி" அதுவாகவே இருக்கலாம். அதைச் சரிசெய்ய வேண்டியவர் ஒலியமைப்பாளர். பழியோ டிரம்மர் தலையில் விழுந்திருக்கிறது.

பாட்டுகளை அரைக் கட்டை இறக்கியதை "ஏமாற்று" என்கிறார். வயதானால் குரல் தசை மெலியும், மேல் ஸ்தாயி எட்டாது. அதற்காகக் கிதார் தந்திகளை இறக்கினால் அவை தளர்ந்து, கிதார்க் கழுத்தில் பதித்த ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகளில் பட்டு அதிரும். எனவே வழக்கமான தந்திகளுக்குப் பதில் இன்னும் தடித்த தந்தி மாட்டுவார்கள். சுருதி மாறும் பாட்டுக்கு வேறு கிதாரே வரும். பாட்டுகளுக்கு நடுவே "மூச்சு வாங்கினார்கள்" என்று எழுதிய நேரத்தில் பெரும்பாலும் கிதார்தான் மாறியிருக்கும். மார்கழிக் கச்சேரியில் மூத்த வித்வான் சுருதியைக் குறைத்துக்கொண்டால் உங்கள் பத்திரிகையே "பக்குவம்" என்று எழுதுகிறது. ராக் பாடகருக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை?

இந்த மனக்குறை புதிதல்ல. 2003 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வாசித்தபோது அதன் பாடகர் மிக் ஜாகருக்கு 59 வயது. நீங்கள் எழுதியது அவர் முகச் சுருக்கத்தைப் பற்றி. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழு அதே மைதானத்துக்கு வந்தது. அதில் பாஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் படத்துக்குக் கீழே "பாடகர்" என்று அச்சிட்டீர்கள். திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அல்சூரிலும் ஃபிரேசர் டவுனிலும் இந்த இசையோடு வளர்ந்த தமிழர்கள் உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதைத் தாங்கள் அறியாதவரல்ல.

அடுத்த முறை விமரிசகரை, ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் கன்சோலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒலியமைப்பாளர் அங்கே நின்றுதான் கேட்கிறார். அது முடியாவிட்டால், எங்கே நின்று கேட்டார் என்று கட்டுரையின் கீழே ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு