லூமியாக் கைத்தொலைபேசிகள் குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பிரதான வீதி,
திருகோணமலை.
2020 பெப்ரவரி

பெருமதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

புத்தாண்டு பிறந்ததிலிருந்து லூமியாக் கைத்தொலைபேசியுடன் எமது கடைக்கு வருபவர்களுக்கு, நெரிசலான நேரத்தில் ரீலோட் போடுவதற்கும் டிஸ்பிளே மாற்றுவதற்கும் இடையில் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய விளக்கத்தை, ஆறுதலாக எழுதித் தருவதே முறையென்று கருதி இம்மடலை எழுதுகிறோம். செத்துப்போகும் போனைத் தெரிந்தே விற்றோம் என்று முகநூலில் எமது கடையைப் பற்றிப் பரவிவரும் பதிவுக்கும் இதுவே எமது பதிலாகும். அப்பதிவை எழுதியவர் யாரென்று எமக்குத் தெரியும். அவரும் எமது வாடிக்கையாளரே என்பதால் இங்கு பெயர் குறிப்பிடவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் போன் பழுதாகவில்லை. கடந்த டிசெம்பர் 31 ஆம் திகதியுடன் லூமியா உள்ளிட்ட, மைக்ரோசொப்டின் விண்டோஸ் மென்பொருளில் இயங்கும் போன்கள் அனைத்திலும் வட்ஸ்அப் தனது சேவையை நிறுத்திக்கொண்டது. அடுத்த இரண்டு வாரத்தில், ஜனவரி 14 ஆம் திகதி, விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனமே முடித்துக்கொண்டது. அதே நாளில் கணினிகளில் உள்ள விண்டோஸ் 7 க்கான ஆதரவும் முடிவடைந்ததால், வீட்டுக் கணினியும் நின்றுவிடுமோ என்று சிலர் பயந்து கேட்டார்கள்; அது வேறு விடயம், கணினிக்கு அடுத்த பதிப்பு இருக்கிறது, போனுக்கு இல்லை. அழைப்பு எடுக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், படம் பிடிக்கலாம். ஆனால் மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இருந்து வரும் தாய்மாருக்குப் போன் என்பது கட்டாரிலும் குவைத்திலும் உள்ள பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கான பொருள். அவர்களுடைய கோபம் எமக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

எமக்கு வருத்தம் தந்தது பதிவில் உள்ள வேறொரு வரி. கூடுதல் கொமிஷனுக்காகவே செத்துப்போகும் போனைத் தெரிந்துகொண்டு மக்கள் தலையில் கட்டினோம் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பிலுள்ள மொத்த விநியோகத்தர், எடுக்கும் எண்ணிக்கையைப் பொறுத்துக் கடைகளுக்கு ஒரு வீதம் கொடுப்பார். இது எல்லா நிறுவனங்களின் போனுக்கும் பொதுவான நடைமுறை. லூமியாவுக்கென்று தனியான வீதமோ பரிசோ வெளிநாட்டுப் பயணமோ எமக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. கிடைத்தது நட்டம். புதிய மொடல் வரும்போதெல்லாம் பழைய மொடலின் விலை இறங்கும். பழைய விலைக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்தவற்றை விநியோகத்தர் திருப்பி எடுக்கவும் இல்லை, விலை வித்தியாசத்தைக் கழித்துத் தரவும் இல்லை. வாங்கிய விலைக்குக் குறைவாகவே அவற்றை விற்றோம். அந்த நட்டத்தை எந்த வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டிலும் நாங்கள் ஏற்றவில்லை. அக்காலக் கணக்குப் புத்தகங்கள் கடையிலேயே இருக்கின்றன. பதிவை எழுதியவர் வந்தால் அவரை இருத்திவைத்துத் தேநீர் கொடுத்து, பக்கம் பக்கமாகக் காட்டத் தயாராக இருக்கிறோம். விற்காமல் மிஞ்சியவற்றை எமது வீட்டாரே பாவித்தார்கள். வட்ஸ்அப் நின்ற செய்தி எனக்கு முதலில் வந்ததும் என் மனைவியின் லூமியாவிலிருந்துதான்.

அன்று ஏன் அதை நல்ல போன் என்று சொன்னோம் என்பதற்கும் காரணம் உண்டு. 2013 இல் லூமியா 520 வந்தபோது, அந்த விலையில் எமது கண்ணாடி அலுமாரியில் இருந்த அன்ட்ரொய்ட் போன்கள் நான்கு செயலிகளைத் திறந்தாலே திணறிக்கொண்டிருந்தன. அதே 512 மெகாபைட் நினைவகத்தில் 520 வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை நாமே மாற்றலாம். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வழிகாட்டும். கொழும்புக்கு வாடகை வான் ஓட்டும் தம்பிமார் அதற்காகவே வாங்கினார்கள். மேலே நொக்கியா என்ற பெயர், உள்ளே அரச அலுவலகமான கச்சேரியிலும் பாடசாலையிலும் எல்லோரும் பாவிக்கும் விண்டோஸ். அந்த இரண்டு பெயரையும் நம்பி ஒரு பொருளை நல்லதென்று சொன்னவனைக் கொமிஷன்காரன் என்று அழைப்பது நியாயமல்ல. அன்று அந்தப் போன் நல்லது என்றேன். அது நல்ல போன்தான் என்று இன்றும் சொல்வேன்.

அப்படியானால் அவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் தோற்றது என்ற கேள்வி வருகிறது. மைக்ரோசொப்ட் இந்தச் சந்தைக்குப் புதிதாக வந்த நிறுவனமல்ல. கையடக்கக் கருவிகளுக்கென விண்டோஸ் சிஈ என்ற மென்பொருளை 1996 இலேயே வெளியிட்டது. பின்னர் விண்டோஸ் மொபைல் என்ற பெயரில், சிறு குச்சியால் தொட்டு இயக்கும் போன்கள் அலுவலகக்காரர்களின் கையில் இருந்தன. 2007 இல் அப்பிள் ஐபோனை அறிவித்தபோது, அப்போது மைக்ரோசொப்டின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் பால்மர், விசைப்பலகையும் இல்லாமல் 500 டொலர் விலையா என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சிரித்தார். அடுத்த ஆண்டே கூகுளின் அன்ட்ரொய்ட் வந்தது. போன் செய்யும் நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் தனது மென்பொருளைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கூகுள் அதை இலவசமாகக் கொடுத்தது. சிறிய திரைக் கருவிகளுக்கு விண்டோஸை இலவசமாக்க மைக்ரோசொப்ட் தீர்மானித்தது 2014 இல்தான். அதற்குள் சம்சுங் முதல் சீன நிறுவனங்கள் வரை எல்லோரும் அன்ட்ரொய்டில் வேரூன்றிவிட்டார்கள்.

பழையதை எறிந்துவிட்டு முற்றிலும் புதிய விண்டோஸ் போன் 7 ஐ அவர்கள் 2010 இன் பிற்பகுதியில் கொண்டுவந்தார்கள். அழகான மென்பொருள் அது. ஆனால் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுத் துறையில் எவ்வளவு நல்ல படகை விட்டாலும் கடைகளும் சனமும் பாலத்து வழியிலேயே போனதுபோல, செயலி எழுதுபவர்கள் ஏற்கெனவே அப்பிள், கூகுள் ஆகிய இரண்டு வழிகளில் குடியேறியிருந்தார்கள். விண்டோஸ் போன் அதன் நல்ல காலத்திலும் உலகச் சந்தையில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைத் தாண்டவில்லை. அந்தச் சிறு கூட்டத்துக்காக மூன்றாவது முறையாகச் செயலியை எழுத நிறுவனங்கள் விரும்பவில்லை. செயலி இல்லாததால் கூட்டமும் பெருகவில்லை. யூடியூபுக்கு மைக்ரோசொப்ட் தானே ஒரு செயலியை எழுதியபோது, 2013 ஓகஸ்டில் கூகுள் அதைத் தடுத்தது. இன்ஸ்டகிராம் அந்த ஆண்டின் இறுதியில்தான் வந்தது. ஸ்னப்சட் கடைசிவரை வரவேயில்லை. அன்ட்ரொய்ட் செயலிகளை விண்டோஸ் போனுக்கு இலகுவாகக் கொண்டுவர 2015 இல் அறிவித்த திட்டத்தையும் அடுத்த ஆண்டு தாங்களே கைவிட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட, கடைக்காரன் என்ற முறையில் நான் பெரிதாகக் கருதுவது ஒன்று உண்டு. வாங்கியவரை இடைவழியில் இறக்கிவிடும் பழக்கம் அது. விண்டோஸ் மொபைலுக்கு எழுதிய செயலிகள் விண்டோஸ் போன் 7 இல் ஓடவில்லை. 2011 இன் இறுதியில் லூமியா 800 வாங்கியவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் வந்த விண்டோஸ் போன் 8 கொடுக்கப்படவில்லை. 2016 இல் விண்டோஸ் 10 மொபைல் பழைய போன்களுக்கு வந்தபோது லூமியா 535 க்குக் கிடைத்தது, மிக அதிகமாக விற்ற 520 க்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் கேள்வியோடு வந்து நிற்பது அமெரிக்காவிலுள்ள தலைமையகத்தின் வாசலில் அல்ல. திருகோணமலையில், எமது கடை வாசலில்.

பணக் கணக்கையும் பாருங்கள். நொக்கியாவின் கைத்தொலைபேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக 2013 செப்டெம்பரில் அறிவித்து, 2014 ஏப்ரலில் வாங்கி முடித்தார்கள். 2015 ஜூலையில், புதிய தலைமை நிர்வாகி சத்யா நாதெல்லாவின் காலத்தில், 760 கோடி டொலரை நட்டமாகக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் அறிவித்தார்கள். வாங்கிய விலை முழுவதும் பதினைந்து மாதத்தில் கரைந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த பிறகு புதிய லூமியா எடுப்பதை நாங்கள் படிப்படியாகக் குறைத்தோம். கையில் இருந்தவற்றை விலை குறைத்து விற்றபோது, வாங்கியவர்களிடம் நிலைமையைச் சொல்லியே விற்றோம். 2017 ஒக்டோபரில், புதிய வசதிகளிலோ புதிய போன்களிலோ இனிக் கவனம் இல்லை என்று மைக்ரோசொப்டின் விண்டோஸ் பிரிவின் உயர் அதிகாரி ஜோ பெல்பியோரே வெளிப்படையாகவே கூறினார். அன்ட்ரொய்ட் இன்று இருக்கும் இடத்தை மைக்ரோசொப்ட் தவறவிட்டதே தனது மிகப் பெரிய தவறு என்று பில் கேட்ஸ் கடந்த ஆண்டு சொன்னார். அந்த இடத்தின் மதிப்பை அவர் 40,000 கோடி டொலர் என்று கணித்தார். அவர்களே முன்கூட்டி அறியாததை இந்தச் சிறிய கடை அறிந்து மறைத்தது என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?

இவ்வளவு பணமுள்ளவர்கள் மீண்டும் வந்தால் வெல்ல மாட்டார்களா என்று உவர்மலையில் இருந்து வரும் ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். மைக்ரோசொப்டின் வீடியோ விளையாட்டுக் கருவியான எக்ஸ்பொக்ஸை அவர் உதாரணம் காட்டினார். சோனியின் பிளேஸ்டேஷன் வேரூன்றியிருந்த சந்தைக்கு 2001 இல் வந்து நிலைத்து நின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே விளையாட்டு எழுதும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார்கள்; 2007 இல் எக்ஸ்பொக்ஸ் 360 கருவிகள் பழுதாகத் தொடங்கியபோது நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை நீடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். நட்டத்தைத் தாங்கிக்கொண்டு வாங்கியவரைக் காப்பாற்றினார்கள். போனில் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திருக்காது என்பதே எமது எண்ணம்.

ஆகவே, தனக்கென்று ஒரு போன் மென்பொருளை வைத்துக்கொண்டு மைக்ரோசொப்ட் இனி அப்பிளுடனும் கூகுளுடனும் போட்டியிடும் என்று நாங்கள் நம்பவில்லை. அவர்களும் அந்த வழியை விட்டுவிட்டார்கள். வேர்ட், எக்செல், அவுட்லுக், 2016 இல் வாங்கிய சுவிப்ட்கீ விசைப்பலகை என்று பலவும் இன்று மற்றவர்களின் போன்களுக்குள் நன்றாகவே ஓடுகின்றன. சுவிப்ட்கீயில் தமிழும் எழுதலாம். கடந்த ஒக்டோபரில் அறிவித்த இரண்டு திரைகள் கொண்ட சர்பேஸ் டுவோ போனும் அன்ட்ரொய்டில்தான் இயங்கப்போகிறது. இவ்வாண்டு இறுதியில் வரவுள்ள அந்தப் போனுக்கு முற்பணம் வாங்குவீர்களா என்று கோணேசபுரி வளாகத்து மாணவர்கள் சிலர் கேட்டார்கள். வாங்க மாட்டோம். வளைந்து மடியும் கீலுள்ள ஒரு கருவிக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும், எத்தனை வருடத்துக்கு அப்டேட் தருவார்கள் என்று உறுதியாகத் தெரியாமல் இன்னொரு முறை உங்கள் முன்னால் நின்று அதை நல்லதென்று சொல்ல எமக்கு மனமில்லை.

இந்தப் பதிவு பரவிய நாட்களில், நாங்கள் கேட்காமலே எமக்காகப் பேசியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நிலாவெளியிலிருந்து எத்தனையோ கடைகளைத் தாண்டி எம்மிடமே வருபவர்களும், தந்தை வாங்கிய நொக்கியாவுக்குப் பிறகு தமது முதல் போனையும் எம்மிடமே வாங்கிய பிள்ளைகளும், "அண்ணை, நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்று கடைக்கே வந்து சொல்லிப்போனவர்களும் எமக்குத் தந்த தைரியம் பெரிது. உங்களை நம்பியே இந்தக் கடை நடக்கிறது.

லூமியாவில் உள்ள தொலைபேசி இலக்கங்களையும் படங்களையும் புதிய போனுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை, எம்மிடம் லூமியா வாங்கியவர்களுக்கு இலவசமாகவும், ஏனையோருக்குச் சிறு கட்டணத்துடனும் செய்து தருகிறோம். வட்ஸ்அப்பின் பழைய உரையாடல்கள் மட்டும் இதில் அடங்கா. பாகங்கள் கிடைக்காமையால் லூமியாத் திருத்த வேலைகள் மார்ச் மாத முடிவுடன் நிறைவுபெறும். இலக்கங்கள் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், வரும்போது அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தவறாமல் கொண்டுவாருங்கள். கடவுச்சொல் மறந்தவர்கள் போனை ரீசெட் செய்துவிடாமல், அப்படியே எடுத்து வாருங்கள். காலை வேளையில் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும். இருந்து பார்த்துச் சரியாக மாற்றிக் கொடுக்க நேரமும் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்