என்னை ஓடவிடாமல் நிறுத்தியவர்களுக்கு

தர்மபுரி மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குக் காலையில் வருகிற எல்லாருக்கும், அங்கே வராமலேயே எனக்கு உதவி செய்த சிலருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை காலையில், கார்த்திகைப் பனி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 400 மீட்டர் ட்ராக்கில் பன்னிரண்டரை சுற்று நிற்காமல் ஓடி முடித்தேன். 5 கிலோமீட்டர், 42 நிமிடம். ஓடத் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு நிமிடம் ஓடிவிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதனால் எனக்கு இது பெரிய விஷயம், இதற்கு நன்றி சொல்லாமல் இருந்தால் எனக்கே தூக்கம் வராது.

எனக்கு 44 வயது. குமாரசாமிப்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை. 19 வருடமாக ஒரே ஸ்டூல், ஒரே மெஷின், கால் மட்டும்தான் ஆடும். ஜூன் மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று வந்தது. "இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லையாம், 6.5 ஆனால் சர்க்கரை நோய் என்றே எழுதிவிடுவார்களாம். நடக்கச் சொன்னார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "ஓடலாமா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கே முதல் நன்றி. பிரஷர் பார்த்தார், ஈசிஜி எடுக்கச் சொன்னார், முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முட்டிக்கு ஏன் என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது, பல்லில் பழுப்பு இருந்தால் மூட்டிலும் ஏதாவது இருக்குமோ என்ற பயம் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. "ஓடுங்க, ஆனா எடுத்தவுடனே ஓடாதீங்க" என்றார். என்னை நிறுத்தியவர்கள் வரிசையில் அவர்தான் முதல் ஆள்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன்தான் திட்டத்தை அனுப்பினான். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பது தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து எழுதினதாம். கவுச் டு ஃபைவ் கே என்று பேர். சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு என்று அர்த்தம் சொன்னான், நம் வீட்டில் சோபா ஏது, தையல் ஸ்டூலிலிருந்து என்று வைத்துக்கொள் அத்தை என்றான். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் 9 வாரம். முதல் வாரம் 5 நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, இப்படி எட்டு தடவை. அவ்வளவுதான். இது ஒரு விஷயமா என்றுதான் நினைத்தேன். அவன் எழுதி அனுப்பியதில் கடைசி வரி: "அத்த, உனக்கு ஆர்வம் ஜாஸ்தி, அதான் பயமா இருக்கு."

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் குறைவு. அந்த ஓய்வில்தான் ஆரம்பித்தேன். அரங்கத்துக்குப் போக வெட்கம், அதனால் முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு தெருவில் ஓடினேன். நாற்பது வினாடி இருக்கும், மூன்று நாய். நான் வேகத்தைக் கூட்ட, அதுங்களும் கூட்ட, எதிரே வந்த பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு "ஓடாத கண்ணு! நில்லு! அப்படியே நில்லு!" என்று கத்தினார். நின்றேன். நாய்களும் நின்றன, கொஞ்சம் உறுமிவிட்டு வந்த வழியே போய்விட்டன. "ஓடினா துரத்தும், நின்னா அதுக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, கேனில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். பெயர் தெரியாது. முகம்கூட இருட்டில் சரியாகத் தெரியவில்லை. ஐயா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், ரொம்ப நன்றி.

அப்புறம் வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அரங்கத்துக்கே வந்தேன். காலை ஐந்தரைக்கு அங்கே போனவர்களுக்குத் தெரியும், பாதி ட்ராக் காவலர் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துப் பறப்பார்கள். அவர்கள் நடுவில் நான், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஒரு நிமிடம் ஓடுவேன், மூச்சிரைக்க நிற்பேன், பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் அவர்களில் ஒரு தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்க ஓடறது வேகம். பேசிக்கிட்டே ஓடற அளவுக்குத்தான் ஓடணும். முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலன்னா கொறச்சிடுங்க" என்றான். யாரிடம் பேசுவது? எனக்கு நானே பேசிக்கொண்டேன். அன்றைக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட் அளவைச் சொல்லிப் பார்ப்பேன். உயரம் 14, மார்பு 36, இடுப்பு 31, தோள் 14, கை நீளம் 10, முன்கழுத்து 7, பின்கழுத்து 9. இடையில் மூச்சு வாங்காமல் பின்கழுத்து வரைக்கும் வந்தால் வேகம் சரி. கை நீளத்தில் திணறினால் குறைக்க வேண்டும். நாலு மாதமாக இதுதான் எனக்கு மீட்டர். (யாரோ ஒரு பெரியவர் இந்தம்மா மந்திரம் சொல்லிக்கொண்டே ஓடுகிறது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.)

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மூன்றாவது வாரம் மூச்சு நன்றாகப் பழகிவிட்டது. 3 நிமிடம் தொடர்ந்து ஓட முடிகிறது, உடம்பு லேசாக இருக்கிறது, சரி எதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடர்ந்து ஐந்து நாள் ஓடினேன். ஆறாம் நாள் மெஷினை மிதிக்கும்போது கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின் உள்பக்க ஓரத்தில் சுரீர் என்றது. அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. என் கடைக்கு வருகிற ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா, அளவு கொடுக்க வந்தவர், நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு என்னையே ஸ்டூலில் உட்காரவைத்துக் காலை அமுக்கிப் பார்த்தார். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருக்கிறதா, இல்லை விரல் நுனி வைக்கிற ஒரே புள்ளியில் குத்துகிறதா என்று கேட்டார். பரவலாகத்தான் இருந்தது. ஒரே புள்ளி என்றால் எலும்பிலேயே கீறல் விழுந்திருக்கலாம், உடனே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். அவர் சொன்ன இன்னொன்றை இப்போது ஓட ஆரம்பிக்கிறேன் என்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போ போ" என்று சொல்லும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. ஓய்வு நாளில்தான் எலும்பு தன்னைத் தானே பலப்படுத்திக்கொள்ளுமாம். அதை நான் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் பிடுங்கிக்கொண்டேன். புதுத் துணியைத் தண்ணீரில் நனைக்காமல் வெட்டித் தைத்துவிட்டு, துவைத்ததும் சுருங்கிவிட்டதே என்று அழுகிற கதை.

12 நாள் ஓடவே கூடாது என்றார். ஐஸ் ஒத்தடம், வலி குறைந்ததும் படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை. மெஷினுக்கு மோட்டார் போடவும் சொன்னார், பகல் முழுக்க மிதித்துவிட்டுக் காலையில் ஓடினால் அந்தக் கால் எப்போது ஓய்வெடுக்கும் என்று. 19 வருடமாகத் தள்ளிப்போட்ட மோட்டாரை அந்த வாரம் மாட்டினேன். அம்மா, உங்களுடைய இரண்டு ஜாக்கெட்டுக்கும் நான் காசு வாங்காததற்கு நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். அது கணக்குக்குச் சரியாகவில்லை என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

ஷூ விஷயத்தில் ஏமாந்தேன். கடையில் காலோடு ஒட்டின அளவைக் கொடுத்து "இதுதான் ஃபிட்டிங்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், பெருவிரல் நகம் கறுத்துப்போய் விழுந்தது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான் சொன்னார், சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடு என்று. பெண்கள் யாரும் வெளியே சொல்லாத இன்னொன்றையும் அவர்தான் கேட்டார்: "உள்ள சரியான பிரா போடறியா?" ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவள், எனக்கு அது தோன்றவில்லை. ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கின நாளிலிருந்து தோள் வலியும் பாதி வெட்கமும் போனது. சுடிதாரின் இரண்டு பக்கமும் ஸ்லிட்டை நான்கு அங்குலம் ஏற்றி, பேண்ட் இடுப்புப் பட்டிக்குள்ளே போனுக்கும் வீட்டுச் சாவிக்கும் ஜிப் வைத்த பாக்கெட்டை நானே தைத்துக்கொண்டேன். கேட்டுவந்த ஐந்து பேருக்குத் தைத்துக் கொடுத்தும் இருக்கிறேன்.

ஒரு கசப்பும் உண்டு. செப்டம்பரில் யாரோ ஒருவர் நான் ஓடுவதை வீடியோ எடுத்து, சிரிக்கிற பொம்மை போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார். என் கடைக்கு வந்த ஒரு பெண்ணே அதைக் காட்டினார். ஒரு வாரம் போகவில்லை என்று சொல்ல ஆசை, ஆனால் அடுத்த நாளே போனேன், கால் கூசியது. அங்கே தினமும் நடக்கிற ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் அந்த ஆளைக் கண்டுபிடித்து அழிக்கவைத்தார்கள் என்பதே எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, எப்போதும்போல "என்னம்மா, பனி ஜாஸ்தியா?" என்றுதான் கேட்டார்கள். அந்தச் சாதாரணத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒரு பெரியம்மா முந்தானையில் நெல்லிக்காய் முடிந்து கொண்டுவந்து தருவார். அதியமான் ஊரில் அது புதுசில்லைதான், ஆனாலும் ஓடி முடித்த வாய்க்கு அந்தத் துவர்ப்பும் அதன்மேல் ஒரு வாய் தண்ணீரும் தனி.

தீபாவளிக்கு முன்னால் 24 நாள் ஓட்டம் கிடையாது. ராத்திரி ஒரு மணி வரை கடை, காலையில் எங்கே எழுவது. திரும்பி வந்தபோது நான் விட்ட இடம் ஐந்தாவது வாரம் மூன்றாம் நாள். திட்டத்திலேயே எல்லாரும் பயப்படுகிற நாள் அது: முந்தின நாள் 8 நிமிடம் ஓடி, நடுவில் நடந்து, மறுபடி 8 நிமிடம்தான் ஓடியிருப்போம். மூன்றாம் நாள் நடையே இல்லாமல் ஒரேயடியாக 20 நிமிடம். அதைத்தான் ஓடப் போகிறேன் என்று அண்ணன் மகனுக்குச் செய்தி போட்டேன். உடனே போன் வந்தது. "நாலாவது வாரத்துக்குத் திரும்பிப் போ அத்த. போகலன்னா நான் அப்பாகிட்ட சொல்லிடுவேன்." என் அண்ணனுக்கு நான் இந்த வயதிலும் பயப்படுவேன் என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் போனேன்.

அந்த 20 நிமிடம் நவம்பரில் நடந்தது. அன்றைக்குக் காவலர் தேர்வுத் தம்பிகள் இரண்டு பேர் கூட ஓடி வந்தார்கள், நான் வேகம் எடுத்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம். பத்தாவது நிமிடத்தில் அதில் ஒருவன் மூச்சு வாங்கினான். என்னப்பா என்றால், "இவ்ளோ மெதுவா ஓடறது ரொம்ப கஷ்டமா இருக்குக்கா" என்கிறான். சிரித்ததில் எனக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது, ஆனால் நிற்கவில்லை.

9 வாரத் திட்டம் எனக்கு 18 வாரம் ஆனது. கடைசி நாள் 30 நிமிடத்தில் ஒன்பது சுற்று, அதாவது 3.6 கிலோமீட்டர்தான் வந்தது. திட்டத்தை முடித்துவிட்டோம், 5 கிலோமீட்டர் எங்கே என்று ஏமாற்றமாக இருந்ததென்னவோ உண்மை. முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான், நேரத்தைக் கூட்டு, வேகத்தைத் தொடாதே என்று மறுபடியும் ஓசூரிலிருந்து உத்தரவு வந்தது. சர்க்கரை இப்போது 5.8. இது முழுக்க ஓட்டத்தால் என்று சொல்ல மாட்டேன், தினம் ஐந்து டீ குடித்தவள் சர்க்கரை இல்லாத ஒரு டீக்கு வந்திருக்கிறேன், அதுவும் சேர்ந்ததுதான்.

வீட்டில் மாமியார் "இந்த வயசுல என்னத்துக்கு ஓட்டம்" என்று சொன்னவர், அக்டோபரிலிருந்து நாலேமுக்காலுக்கு அவரே எழுப்புகிறார். வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறார். முதல் நாள் கட்டி தட்டியது, இப்போது என்னைவிட நன்றாக வருகிறது. ஓடுவதற்கு முன்னால் களி சாப்பிட்டுவிட்டுப் போகாதே என்று எச்சரித்தும் கேட்காமல் போன ஒரு நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

தை பிறந்தால் முகூர்த்த வேலை ஆரம்பித்துவிடும். அதனால் ஒரு வார்த்தை: திங்கள், புதன், சனி கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும், முன்னாடியே வந்து ஷட்டரைத் தட்ட வேண்டாம். காவலர் தேர்வுத் தம்பிகளே, பேண்ட் கால் மடிக்க, இடுப்பு பிடிக்க, ஜிப் மாற்ற எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். காசு என்று பேச்செடுத்தால் அடுத்த வாரம் நான் வேகமாக ஓட ஆரம்பித்துவிடுவேன்.