பிரசவ லீவு முடியும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சிக்கு,

84 நாள் லீவு முடிகிற கிழமையில்தான் குளியலறை ஓட்டையில் தலைமயிர் உருண்டை உருண்டையாக வந்து அடைக்கத் தொடங்கும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்து எண்ணினால் அந்த லீவு நாலு மாதமளவில் போகும். பிரசவத்துக்குப் பின் மயிர் கொட்டுவதும் அந்த மாதங்களில்தான் உச்சம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், உதிர வேண்டிய மயிரையும் பிடித்து வைத்திருந்தது. பிள்ளை பிறந்ததும் அது இறங்க, பாக்கி நின்றதெல்லாம் சேர்ந்து கொட்டுகிறது. பால் கொடுப்பதால்தான் என்று மாமி சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இரு. பாலை நிறுத்தினாலும் கொட்டுகிறது கொட்டும்.

பிள்ளையின் முதலாவது பிறந்தநாளோடு பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வகிடு அகன்றுகொண்டே போனால், அல்லது இப்போதே படி ஏற மூச்சு வாங்கினால், இரத்தத்தில் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பின் அளவு) தைரொய்ட்டும் பார்க்கச் சொல்லிக் கேள். பயோட்டின் குளிசை போடுகிறாய் என்றால் அதை டொக்டரிடம் முதலே சொல்லிவிடு, தைரொய்ட் ரிப்போர்ட்டைப் பிழையாக்கக்கூடியது அது. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். இடையில் ஒரு மணித்தியாலமாவது விடு. கல்சியம் குளிசைக்கு வேறு நேரம். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமில்லை, இலையில் உள்ள இரும்பு உடம்பில் சேரவும் அந்தப் புளி உதவும்.

இனித் தோய்ச்சல். பிள்ளை நித்திரையான பிறகு, இரவு ஒன்பது மணிக்குத் தோய்ந்துவிட்டு ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுக்கிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு. கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம். கட்டிய மயிர் விடியும்வரை காயாது. காலையில் ஒரு புளித்த மணம், பொடுகும் கூடலாம். நனைந்த மயிர் இழுபடும், இறுக்கினால் அறும். வேலை நாளில் பின்னேரம் ஆறு மணிக்கு முன் தோய முடியாவிட்டால் விட்டுவிடு. கிழமைக்கு இரண்டு முறை போதும். தோய அரை மணித்தியாலம் முன்னதாகத் தேங்காயெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, காதுக்குக் கீழ் உள்ள நீளத்துக்கு மட்டும். பொடுகு இருக்கிற உச்சியில் எண்ணெய் வைத்து ஊறவிடுவது பொடுகுக்குச் சோறு போடுகிற மாதிரி, பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது. ஷம்பூ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நீளத்துக்கு. பொடுகென்றால் கீட்டோகொனசோல் 2 வீத ஷம்பூவைக் கிழமைக்கு இருமுறை, நுரையோடு ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், இரண்டு தொடங்கி நாலு கிழமைக்கு. பூசிய கையோடு கழுவிவிட்டுத்தான் பலர் "பலனில்லை" என்கிறார்கள்.

நெற்றி ஓரத்தில் புல் மாதிரிக் குட்டை மயிர் நிமிர்ந்து நிற்கும். அது முளைத்து வருவது, வெட்டிவிடாதே. பழைய பல் பிரஷ் ஒன்றில் இரண்டு துளி எண்ணெய் தடவிப் படியவை. அந்த ஓரத்தை இழுத்து இறுக்கிக் கொண்டை போடாதே.

முகத்தில் மங்கு வந்திருந்தால் முதல் மருந்து வெயிலை மறிப்பது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடு. பயற்றளவு பூசினால் பெட்டியில் எழுதியிருக்கிற பலன் கிடைக்காது. எங்கள் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதனால் இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறமுள்ள கிரீம் நல்லது. வியர்த்தால் தேய்க்காமல் ஒற்றி எடு. கண்ணாடி ஜன்னலும் முழுக்கக் காப்பாற்றாது. காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் இடது பக்கம் ஏறி இரு, வெயில் வலப்பக்கம் அடிக்கும். பின்னேரம் திரும்பும்போதும் இடது பக்கம்தான், அப்போது கடல் வலப்பக்கம், சூரியனும் அந்தப் பக்கம் போயிருக்கும்.

வெளுக்கிற கிரீம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் வாங்கினாலும் ஃபேஸ்புக்கில் வாங்கினாலும், என்னென்ன கலந்தது என்று பெட்டியில் இல்லையென்றால் வாங்காதே. பாதரசத்தைக் குறிக்கும் "கலொமல்", "மெர்கியூரி" என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார், இருந்தாலும் வாங்காதே. தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் அது பாதரசம் இருப்பதற்கான அறிகுறி. தாலிக்கொடிக்கே ஆகாததை எப்படிக் கழுத்தில் பூசுவது? பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை முன்பு கிரீமுக்கு வைத்த எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம், 2025க்குப் பிறகு அந்த அளவு கூடச் சேர்க்கக் கூடாது. பாதரசம் உன் தோலிலிருந்து துவாய்க்கும், தலையணைக்கும், பிள்ளையின் கன்னத்துக்கும் போகும். பாலிலும் போகும். இன்னொரு வகையில் குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் என்று ஸ்டீரொய்ட் இருக்கும். இரண்டு கிழமையில் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, மயிர் முளைக்கும். ஏற்கெனவே பூசிப் பழகியிருந்தால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் டொக்டரிடம் போ. ஸ்டீரொய்ட்டைத் திடீரென நிறுத்தினால் முகம் கொதித்துப் போகும். பால் கொடுக்கும் காலத்தில் மங்குக்கு அசெலயிக் அசிட், நயாசினமைட் கிரீம் பாவிக்கலாம். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறாய் என்றால் ரெட்டினொல் வேண்டாம்.

மார்புக்குக் கீழே அரிப்பும் சிவப்பும் வந்தால் ஈரமான பிரா தான் காரணம். பகலில் ஒரு தரம் மாற்று. பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து களியாகிவிடும்.

சாறியை முதல் நாள் இரவே மடிப்பெடுத்து, தாவணிப் பக்கத்தில் ஊசி குத்தி ஹேங்கரில் போட்டு வை, விடிய ஆறு மணிக்குப் பிள்ளை அழும்போது மடிப்பு எடுபடாது. பழைய சட்டைகளை இப்போதே பிரித்துப் பெருப்பிக்காதே, இரண்டு புதுச் சட்டை தைப்பித்தால் போதும். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல், பிறகு கூட்டவோ குறைக்கவோ அது வேண்டும். அளவு கொடுக்கப் போவதானால் பால் கொடுக்க முந்திப் போ. கொடுத்துவிட்டு வந்து எடுத்த அளவுக்குத் தைத்த சட்டை, ஒஃபிஸில் பின்னேரம் மூன்று மணிக்குக் கொளுக்கியைப் பிய்க்கும்.

அன்புடன்,
அக்கா