500 மில்லி ஆம்பியர் மீட்டர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால், பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடிக்கொண்டிருக்கும் பயாஸ் மின்னோட்டத்தைப் பார்க்க முகப்பில் 500 மில்லி ஆம்பியர் மீட்டர் வைப்பதே பாதுகாப்பு என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மீட்டரை வாங்கிச் சூடுபட்டவன் நான்.

என்னுடையது இரண்டு இஎல்34 வால்வுகள் உள்ள புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர். பிளேட்டில், அதாவது வால்வின் நேர்மின் தகட்டில், 450 வோல்ட். இந்த வால்வின் பிளேட் 25 வாட் வரை தாங்கும். அதில் 70 சதவீதம் என்று வைத்தால் வால்வு ஒன்றுக்கு ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியர். 500 வரை கோடு போட்ட மீட்டரில் இது பூச்சியத்தின் பக்கத்து வீடு. 2.5 சதவீத வகை மீட்டர் என்றால் அந்தப் பிழை முழு அளவுக்கானது. அதாவது முன்னும் பின்னும் 12.5 மில்லி ஆம்பியர். முள் 39-இல் நிற்கும், உள்ளே 51 ஓடும். என் கண் அதற்கு மேலும் ஐந்தாறு தவறவிட்டிருக்க வேண்டும். ஒருநாள் இரவு அறை விளக்கை அணைத்த பிறகுதான் ஒரு வால்வின் பிளேட் நடுவில், சூடு மிஞ்சி, செம்மை படர்ந்திருப்பது தெரிந்தது.

பிறகு சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, 1 மில்லி ஆம்பியரில் முள் முழுதாகச் சாயும், 100 ஓம் சுருள் கொண்ட பழைய மீட்டர் இரண்டு வாங்கினேன். ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான்கள் கிளம்பும் முனை) தரைக்கும் இடையே 1 ஓம் மின்தடை. அதன் இரு முனைகளில் மீட்டர். இப்போது முகப்பில் 1 என்றால் வால்வில் 100 மில்லி ஆம்பியர், 39 மில்லி ஆம்பியருக்கு 0.39. சுருள் 80 ஓம்தான் என்றால் 20 ஓம் தொடராகச் சேர்த்தால் போதும். (சுருளின் ஓமை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காதீர்கள், முள் வளைந்துவிடக்கூடும்.) கேத்தோடில் பிளேட்டோடு, ஸ்கிரீன் என்ற இன்னொரு முனையின் மின்னோட்டமும் சேர்ந்தே வருவதால் அளவு சற்றுக் கூடத் தெரியும், அது நல்லதற்குத்தான். மீட்டரின் சுருள் அறுந்தாலும் கேத்தோடு அந்தரத்தில் தொங்காது. மீட்டரைக் கேத்தோடுக் கம்பியில் தொடராக வைப்பவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை.

200 மில்லிவோல்ட் டிஜிட்டல் மீட்டரும் இதே மின்தடையில் நேராக மில்லி ஆம்பியர் காட்டும். ஆனால் பலவற்றுக்குத் தனி 9 வோல்ட் மின்வழங்கல் வேண்டும். அளக்கும் பக்கத்தோடு அதை இணைத்தால் எண்கள் உளறும். என் ஓட்டு முள்ளுக்கே. வீட்டு மின்னழுத்தம் ஏறும்போது முள்ளும் மெல்ல நகர்வது அறையின் மறுகோடியிலிருந்தே தெரிகிறது. பாட்டு ஓடும்போது அது ஆடத்தான் செய்யும். பயாஸைப் பாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது முகப்பின் மூலையில் டிசி மீட்டருக்கான குதிரை லாடக் குறி இருக்கிறதா என்று பார்க்கவும். ஏசி மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த அனுபவமும் எனக்கு உண்டு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.